திரையில் என் மூட்டு

"காலை அசைச்சுப் பாரும்மா" என்கிறார் ரெஹானா டாக்டர். அசைத்தேன். "ம், அசை" என்கிறார் மறுபடியும். அசைத்துவிட்டேனே. நான் அனுப்பிய உத்தரவு இடுப்பு வரை போய் அங்கேயே நின்றுவிட்டது போலிருக்கிறது, கீழே கேட்க ஆளில்லை. "நல்லாப் பிடிச்சிருச்சு" என்று சொல்லி அவர் என் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்காருகிறார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பது இவர் வேலை. கூடவே தூங்கவும் வைக்கிறேன் என்றார், நான்தான் மாட்டேன் என்றேன். ஒரு கோல் கீப்பர் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் டாக்டர் என்று வீறாப்பாகப் பேசிவிட்டேன், இப்போது பல் தந்தியடிக்கிறது. இந்த ஊசிக்குச் சிலருக்கு இப்படித்தான் நடுங்கும், அது பயம் இல்லை என்கிறார். பயம்தான் டாக்டர், ஊசி மேல் பழி போடாதீர்கள். நெஞ்சுக்குக் கீழே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் என் உடம்பில் பாதி கிடக்கிறது, இந்தப் பக்கம் நான் கிடக்கிறேன். எந்தக் கால் என்று வார்டில் கேட்டார்கள், இடது என்றேன். லிஃப்டில் கேட்டார்கள், இடது. தியேட்டர் வாசலில் பெயர் என்ன, காளீஸ்வரி, வயசு, பதினேழு, எந்தக் கால், இடது. தொடையில் பேனாவால் அம்புக்குறி வேறு போட்டிருக்கிறார்கள். இத்தனை பேர் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. கோலுக்கு முன்னால் நிற்கிறவளுக்கு எது இடதோ அது எதிரே ஓடிவருகிறவளுக்கு வலது, சின்ன வயதிலிருந்தே அதை மாற்றி மாற்றி யோசித்துப் பழகிவிட்டேன். நான் மல்லாந்து கிடக்கிறேன், அவர்கள் கால்மாட்டில் நிற்கிறார்கள், அப்படியானால் அவர்களுக்கு எது இடது. "டாக்டர், என்னோட இடது" என்கிறேன். "உன்னோடதுதாம்மா, வேற யாரோடது" என்கிறார் ரெஹானா டாக்டர். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் சிரிக்கிறது.

இந்த இடது இடுப்பு ஒன்றரை வருஷமாக என்னைப் படுத்தி எடுக்கிறது. முதலில் பஸ்ஸில் உட்கார்ந்து எழுந்தால் தொடை இடுக்கில் சுருக்கென்றது. பிறகு ஷூ லேஸ் கட்டக் குனிந்தால். பிறகு பந்தைத் தடுக்க விழுந்தால். கோவில்பட்டியில் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகளுக்கு எங்கே வலித்தாலும் ஒரே மருந்துதான், இன்னும் கொஞ்சம் ஆடு. எங்கள் கோச் செல்வின் சார், "சதை இறுகிப்போச்சுட்டி, உக்காந்து எந்திரி, சரியாப் போவும்" என்றார். உட்கார்ந்து எழுந்தேன். வலித்தது. வலித்ததால் இன்னும் உட்கார்ந்து எழுந்தேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் கோலுக்குள் தனியாக வாத்து மாதிரி குந்திக் குந்தி நடந்தேன். இடிக்கிற இடத்திலேயே மேலும் மேலும் இடித்திருக்கிறேன், எனக்கு அது தெரியாது, சாருக்கும் தெரியாது. அம்மா விளக்கெண்ணெய் போட்டுச் சுளுக்கு வழித்தாள், ரெண்டு நாளில் கேட்டுவிடும் என்றாள், கேட்கவில்லை. அப்புறம் அந்த இறுதி ஆட்டம். வலது பக்கம் தரையோடு ஒரு பந்து. இடது முட்டியை உள்ளே மடித்து விழுந்து வலது காலை நீட்டினால் முடிந்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். மடித்தேன், பாதியில் என்னவோ பூட்டிக்கொண்டது. பந்து வேகமாகக்கூட வரவில்லை, உருண்டுதான் வந்தது, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனது. முன்னால் ஆடுகிறவர்கள் கோலைத் தவறவிட்டால் அடடா, நூலிழையில் போச்சே என்பார்கள், கீப்பர் விட்டால் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள். அதற்கப்புறம்தான் மதுரைக்கு வந்தோம். ஞானதுரை டாக்டர் என் காலை நெஞ்சுவரை மடக்கி முட்டியை உள்ளே ஒரு தள்ளுத் தள்ளினார், நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். படம் எடுத்துக் காட்டினார். இடுப்பில் ஒரு கிண்ணம், அதற்குள் தொடை எலும்பின் தலை பந்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அந்தப் பந்துக்குக் கீழே, எலும்பின் கழுத்துப் பக்கம், வேண்டாத ஒரு புடைப்பு. மடக்கும்போதெல்லாம் அது கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கிறது, விளிம்பைச் சுற்றியிருக்கிற ஜவ்வு கிழிந்திருக்கிறது. "சின்ன ஓட்டை போட்டு, கேமராவ உள்ள விட்டுச் சரிபண்ணலாம். ஆனா போய்ப் பாத்தாத்தான் தெரியும். குருத்தெலும்பு நல்லா இருந்துச்சுன்னா ஜவ்வத் தச்சு, புடைப்ப ராவி விட்டுருவேன், நீ திரும்ப ஆடலாம். அது தேஞ்சு உரிஞ்சிருந்தா, வலிக்கு மட்டும் என்னால ஆனதச் செய்வேன். கோல்ல நிக்கிறத மறந்துரணும்" என்றார். அம்மாவின் கவலை வேறு. "பிள்ள பெறதுக்கு ஒண்ணும் கோளாறு வராதுல்லா சார்" என்று கேட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையம்மா என்று அவர் பொறுமையாகத்தான் சொன்னார், இருந்தும் வெளியே வந்து அவள் நர்ஸிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். எனக்கு அந்த மறந்துரணும் மட்டும் காதிலேயே உட்கார்ந்துவிட்டது. மறந்துவிட்டு என்ன செய்வது, சாயங்காலம் ஆனால் எங்கே போய் நிற்பது, அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

"இழுங்க" என்கிறது ஞானதுரை டாக்டரின் குரல், துணிக்கு அந்தப் பக்கம். பாதத்தை ஒரு பூட்ஸில் கட்டி மேஜையோடு மாட்டியிருக்கிறார்கள், திருகத் திருகக் கால் இழுபடும், பந்து கிண்ணத்தை விட்டுக் கொஞ்சம் விலகும், விலகினால்தான் உள்ளே நுழைய வழி. வலி இல்லை, ஆனால் என் தோள் படுக்கையில் கீழே சறுக்குவது தெரிகிறது, யாரோ என்னைக் கால்வழியாகத் திருடிக்கொண்டு போகிறார்கள். "இன்னும்" என்கிறார். "இன்னும் கொஞ்சம்." இவ்வளவு இழுக்க வேண்டுமா, பிய்ந்துவிடாதா. ரெஹானா டாக்டர் குனிந்து, "லேசுல விடாதும்மா. உன் மூட்டு காத்துப் புகாம ஒண்ண ஒண்ணு உறிஞ்சிப் பிடிச்சிருக்கு" என்கிறார். எனக்கு அது தெரியாது. திருகாணி போட்டு இறுக்காமல், பசை போட்டு ஒட்டாமல், வெறும் உறிஞ்சலிலும் தசைநார்களிலும் பிடித்துக்கொண்டிருக்கிறதாம், நான் ஓடியபோது, குதித்தபோது, செல்வின் சார் திட்டியபோது, எந்நேரமும். எக்ஸ்ரே எடுக்க எல்லோரும் கனமான கவசம் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பேட் கட்டிய எங்களைப் போலத்தான் அவர்களும் அகட்டி அகட்டி நடக்கிறார்கள். படத்தில் கறுப்பாக ஒரு பிறை விழுகிறது. "வழி விட்டுருச்சு" என்கிறார் ஞானதுரை டாக்டர். இப்போது தோலைக் கீறுகிறார்கள், இப்போது குழாயை நுழைக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை, தெரியாமல் நடக்கிறதே என்பதுதான் பயமாக இருக்கிறது. ஊசி பாதியில் விட்டுவிட்டால். கேமரா உள்ளேயே உடைந்துவிட்டால். ஓட்டை எவ்வளவு பெரிதென்று நேற்று ஞானதுரை டாக்டரிடம் கேட்டேன், சட்டைப் பொத்தான் போடுகிற ஓட்டை இருக்குமே, அவ்வளவுதான் என்றார், அதற்குள் ஒரு கேமராவும் ஒரு கத்தியும் ஒரு டாக்டரின் கவனம் முழுவதும் போக வேண்டும். அம்மா வெளியே என் கம்மலைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் எனக்கும் நடுவே மூன்று கதவு. "டிவிய இந்தப் பக்கம் திருப்புங்க, பிள்ளை பாக்கணும்னுச்சு" என்கிறார் ரெஹானா டாக்டர், யாரோ திருப்புகிறார்கள், திரை சிவப்பாகக் கலங்கிக் கிடக்கிறது. "தண்ணியக் கூட்டு" என்கிறார் ஞானதுரை டாக்டர். கலங்கல் ஒரு மூச்சில் விலகுகிறது.

உள்ளே வெள்ளையாக இருக்கிறது. ரத்தமும் சதையுமாக இருக்கும், பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். வெள்ளை. நுங்கை வெட்டினால் கண் ஒன்று பளபளவென்று விழித்துப் பார்க்குமே, அந்த வெள்ளை. தண்ணீருக்குள் ஒரு பக்கம் பந்து, ஒரு பக்கம் கிண்ணத்தின் கூரை, நடுவே வெளிச்சம் போகிறது, ஒரு குகைக்குள் யாரோ டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. இது நானா. சேற்றில் விழுந்து எழுந்து, முட்டியெல்லாம் தழும்பாகி, கால் பெருவிரல் நகம் கறுத்துப்போன நான், உள்ளே இவ்வளவு சுத்தமாக இருந்தேனா. என்னைக் குளிப்பாட்டிய அம்மா இதைப் பார்த்ததில்லை. நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து வெளிச்சமே படாத இடத்தில் இது இப்படி மினுங்கிக்கொண்டு இருந்திருக்கிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று. எனக்குப் பெருமையாக இருக்கிறது, கூடவே வெட்கமாகவும் இருக்கிறது, நான் செய்யாத ஒன்றுக்கு என்ன பெருமை. பல் நடுக்கம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. "இங்க பாரு" என்று ஞானதுரை டாக்டர் தன் உதவி டாக்டரிடம் சொல்கிறார், நானும் பார்க்கிறேன். கிண்ணத்தின் விளிம்பில் ஜவ்வு ஓரிடத்தில் பிரிந்து, நூல் நூலாகத் தண்ணீரில் ஆடுகிறது, வாய்க்காலில் பாசி ஆடுகிற மாதிரி. அதுதான் என் சுருக். ஒன்றரை வருஷம் எண்ணெய் தேய்த்தோமே, அது இதுதான், இத்தனூண்டு. கொக்கி போன்ற ஒரு கம்பி திரைக்குள் வருகிறது, குருத்தெலும்பைத் தொடுகிறது, அமுக்குகிறது. யாரும் பேசவில்லை. இதுதான் அந்த இடம், எனக்குத் தெரியும், உரிந்திருந்தால் இங்கேதான் உரிந்திருக்கும். கம்பி நகர்கிறது, அமுக்குகிறது. கொஞ்சம் மெத்தென்று போகிறதா. போனால் நல்லதா கெட்டதா. நான் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், எதிரணிக்காரி ஸ்டிக்கைப் பின்னால் ஓங்கி, இன்னும் அடிக்காத அந்த நொடி இருக்கிறதே, அது மட்டும் நீண்டுகொண்டே போகிறது. மறந்துரணும். மறந்துரணும். அமுக்கு, சொல்லித் தொலையேன். "ஓரத்துல கொஞ்சம் மெத்துன்னு இருக்கு" என்கிறார். என் நெஞ்சில் ஒட்டியிருக்கிற கம்பிகள் என் இதயத்தைத் தடதடவென்று வெளியே சொல்லிவிடுகின்றன, ரெஹானா டாக்டர் என் தலையில் கை வைக்கிறார். "ஆனா உரியல. மத்ததெல்லாம் உறுதியா இருக்கு. தச்சுரலாம்." அவ்வளவுதான் சொன்னார். என் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போகிறது, மல்லாந்து அழுதால் அப்படித்தான் போகும் போலிருக்கிறது. ரெஹானா டாக்டர் பஞ்சால் துடைத்துவிட்டார்.

தைக்கிறார்கள். எலும்பில் ஒரு சின்ன முளையை இறக்கி, அதில் நூலைக் கோத்து, ஜவ்வைச் சுற்றி வெளியே கொண்டுவந்து, முடிச்சை வெளியில் போட்டுக் குழாய்வழியாக உள்ளே தள்ளுகிறார்கள். முடிச்சு தண்ணீருக்குள் இறங்கி வந்து தன் இடத்தில் உட்காருகிறது. ஆடிக்கொண்டிருந்த பாசி அடங்கி விளிம்போடு ஒட்டிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருக்கும், முதன்முதலில் ஒருவர் இப்படிச் செய்யலாம் என்று சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். பிறகு இழுப்பைத் தளர்த்துகிறார்கள், பந்து கிண்ணத்துக்குத் திரும்பிப் போகிறது, சத்தம் எதுவும் இல்லை, ஆனால் அது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றுகிறது. கேமரா வெளிப்பக்கம் வருகிறது. அதோ புடைப்பு. இவ்வளவு கெடுதல் செய்தது கறுப்பாக, முரடாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் வெள்ளையாக, மேடாக, சாதுவாக இருக்கிறது. வளர்கிற வயதில் ரொம்ப ஓடி ஆடுகிற பிள்ளைகளுக்கு எலும்பு அந்த இடத்தில் கூடுதலாக வளர்ந்துவிடுவதுண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் இது என் பத்து வயது, பதினோரு வயது, பன்னிரண்டு வயது. நான் ஓடுகிற அதிர்ச்சியெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, பாவம் பிள்ளை இப்படிக் குதிக்கிறாளே, கொஞ்சம் பலமாகக் கட்டிக்கொடுப்போம் என்று எலும்பு தன் புத்திக்கு எட்டிய வரையில் எனக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. அதன் மேல் கோபப்பட முடியவில்லை. பல் டாக்டரிடம் கேட்கிற சத்தம் எழுகிறது, சுழலுகிற ஒரு சின்னத் தலை மேட்டைத் தொடுகிறது, வெள்ளைத் துகள் பனிமாதிரிப் பறந்து தண்ணீரோடு போகிறது. கால் எனக்கு மரத்திருக்கிறது, ஆனால் அந்த அதிர்வு முதுகெலும்பு வழியாக ஏறி என் கடைவாய்ப் பல்லுக்கு வந்துவிடுகிறது. என்னைச் செதுக்குகிறார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சத்தம் நிற்கிறது. "மடக்கிப் பாப்போம்" என்கிறார் ஞானதுரை டாக்டர். பூட்ஸிலிருந்து பாதத்தைக் கழற்றி, உதவி டாக்டர் என் காலைத் தூக்குகிறார், துணிக்கு மேலே என் முட்டி எழுந்து வருகிறது, எனக்குச் சொல்லாமல் என் முட்டி. அன்றைக்கு என்னைக் கட்டில் கம்பியைப் பிடிக்க வைத்த அதே மடக்கல். திரையில் பந்து உருள்கிறது, செதுக்கிய இடம் விளிம்புக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது, தொடவில்லை. "அருமை" என்கிறார். உதவி டாக்டர் "சூப்பர் சார்" என்கிறார். முடிந்தது. எல்லோர் குரலிலும் டீ குடிக்கப் போகிற சந்தோஷம் வந்துவிட்டது. ஆனால் நான் அப்படி விழ மாட்டேன். அது ஒரு சாதாரண மனுஷி மடக்குகிற மடக்கல், நான் விழுகிறபோது முட்டி இன்னும் ஆழமாகப் போகும், வலது பக்கம் சாயும், பாதம் வெளியே தெறிக்கும். சொல்லலாமா. இத்தனை பெரிய டாக்டர், அவருக்குத் தெரியாததா. தெரியாதுதானே, அவர் கோலில் நின்றதில்லையே. சொன்னால் மடக்கிப் பார்ப்பார், இடித்தால் என்ன செய்வார். எலும்பை ஓரளவுக்கு மேல் ராவ முடியாது, அதன் கழுத்து பலம் போய் ஒடிந்துவிடும் என்று முதல் நாளே சொன்னார். இடித்தது, இனி ராவவும் முடியாது என்றால் அது இப்போதே, இங்கேயே தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் இன்னும் ஆறு ஏழு மாசம் சந்தோஷமாக இருக்கலாம். அம்மாவிடம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பார்கள், அவள் அழுவாள், செல்வின் சாருக்கு ஃபோன் போகும். பிறகு ஒரு நாள் பேட் கட்டிக்கொண்டு விழுவேன், பாதியில் பூட்டிக்கொள்ளும். குழாயை எடுக்கப் போகிறார்கள். வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "சார்" என்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை. "ஞானதுரை, பிள்ள உங்களக் கூப்பிடுது" என்கிறார் ரெஹானா டாக்டர். "சார், நான் பந்துக்கு அப்பிடி விழ மாட்டேன். இன்னும் மடங்கும்." துணிக்கு மேலே அவர் தலை வருகிறது, நெற்றியில் விளக்கு. என்னைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார். "எப்பிடி, சொல்லு" என்கிறார்.

சொல்கிறேன். "முட்டிய இன்னும் நெஞ்சுக்குக் கொண்டாங்க சார். இப்ப வலது பக்கமாச் சாய்ங்க. பாதம் வெளிய போணும். இன்னும் வெளிய." நான் சொல்லச் சொல்ல என் கால் நகர்கிறது. ஊசி போட்டதிலிருந்து என் சொல்லைக் கேட்காத கால் இப்போது இன்னொருவர் கைவழியாகக் கேட்கிறது. திரையில் பந்து உருண்டு உருண்டு வந்து, கடைசி மூச்சில், மேட்டில் மிச்சமிருந்த ஓர் ஓரம் விளிம்பின் மேல் ஏறுகிறது. புதிதாகத் தைத்த ஜவ்வு நசுங்கி மேலே எழும்புகிறது. நான் பார்த்தேன். வலிக்கவில்லை, ஆனால் என் உடம்பு முழுக்க அந்த வலியை நினைத்துக்கொண்டது. "பாத்தியா" என்று உதவி டாக்டரிடம் மெதுவாகச் சொல்கிறார். பிறகு என்னிடம், "இடிக்குது. நீ சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா இன்னும் ஒரு மில்லிமீட்டர்தான் எடுக்கலாம். அதுக்கு மேல கை வைக்க மாட்டேன், ஒடிஞ்சிரும். அதுக்குள்ள சரியாகலன்னா அவ்வளவுதான். புரியுதா?" "புரியுது சார்." மறுபடியும் அந்தச் சத்தம். ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன, ஸ்கேலில் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிற இடம், மழுங்கிய பென்சில் முனை அதைவிடப் பெரிது. அதற்குள் என் சாயங்காலங்கள் எல்லாம் இருக்கின்றன. அவர் அவசரப்படவில்லை. தொடுகிறார், எடுக்கிறார், தண்ணீர் விட்டுப் பார்க்கிறார், இன்னொரு கோணத்தில் பார்க்கிறார், எக்ஸ்ரே எடுத்து அதில் பார்க்கிறார். மழுங்கிய பென்சில் முனைகூட நுழையாத இடத்துக்காக ஒரு பெரிய மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அறையில் அத்தனை பேரும் நிற்கிறார்கள், முன்பின் தெரியாத ஒருத்தி உருண்டு வருகிற பந்துக்கு விழ வேண்டும் என்பதற்காக. யாரும் எனக்காக இவ்வளவு உன்னிப்பாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. சத்தம் நின்றது. "அவ்வளவுதான். இதுக்கு மேல இல்ல. எப்பிடி விழுவேன்னு திரும்பச் சொல்லு" என்கிறார். குரல் நடுங்காமல் சொல்கிறேன். நெஞ்சுக்கு. வலது பக்கமா. பாதம் வெளிய. இன்னும். இன்னும். பந்து உருண்டு வருகிறது, விளிம்பை நெருங்குகிறது, நான் மூச்சு விடவில்லை, விளிம்புக்குக் கீழே போகிறது, முழுதாக உள்ளே போய் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழைத் தண்ணீர் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு இருக்கிறது. ஜவ்வு அசையவே இல்லை. "போதுமா கீப்பர்?" என்கிறார் ஞானதுரை டாக்டர். "இன்னொரு தடவ மடக்குங்க சார்" என்கிறேன். அவர் நிமிர்கிறார். "ஏன், எங்கயும் இடிக்குற மாதிரித் தெரிஞ்சுச்சா?" "இல்ல சார். இடிக்கல. எனக்குப் பாக்கணும்." அவர் உதவி டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். அவர் என் குதிகாலைக் கையில் ஏந்திக்கொள்கிறார், பந்து மெதுவாக உருளத் தொடங்குகிறது.